மருந்து இல்லை, சூப்புதான்

போன மாதம் சங்கீதா எனக்கு ஒரு படம் அனுப்பினாள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி மருந்தகத்தில் எனக்குப் பிறகு வந்தவள். கிளினிக் வாசலில் புதிதாக ஒரு திரை வைக்கப் போகிறார்களாம். நோயாளி உள்ளே வருவதற்கு முன் நான்கு மொழிகளில் ஒன்றைத் தொட்டு, வரும் கேள்விகளுக்குப் பதில் தட்ட வேண்டும். தமிழ் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். முதல் கேள்வி இது:

'தாங்கள் வேறு மருந்துகள் ஏதேனும் உட்கொள்கிறீர்களா? ஆம் / இல்லை.'

உடனே போன் போட்டேன்.

"யாருடீ இதை எழுதினது?"

"ஏன்க்கா, ஸ்பெல்லிங் தப்பா?"

"தப்பே இல்ல. அதான் எரிச்சலா இருக்கு. நம்ம ஆளுங்க அத்தனை பேரும் இதைப் படிச்சிட்டு 'இல்லை'யைத் தட்டிட்டுப் போய் உட்காருவாங்க. பொய் சொல்றோம்னு அவங்களுக்கே தெரியாது."

"அப்ப என்னதான் கேக்குறது? நீங்க போன்ல கத்துறதை நான் மீட்டிங்ல போய்ச் சொல்ல முடியுமா? எழுதிக் கொடுங்க லா."

எனக்கு எழுத வராது, கத்த வரும். முப்பத்தெட்டு வருஷம் கத்தித்தான் வேலை பார்த்தேன். நோயாளிகள் எனக்கு வைத்த பெயர் சிலி பாடி, அந்தச் சின்ன ஊசி மிளகாய். அந்தப் பெயரில் எனக்குப் பெருமைகூட இருந்தது. ஒரு பெண்மணியின் சமையலறையில் அந்தப் பெருமை போயிற்று. அதைத்தான் சங்கீதாவுக்காக எழுதுகிறேன்.

என் பெயர் ஜமீலா. இருபது வயதில் மருந்தகத்தில் சேர்ந்தேன். முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தட்டில் மாத்திரையைக் கொட்டி, தட்டையான கரண்டியால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணி, பையில் போட்டு, பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பேன். கூப்பிட்டும் வராதவரை இன்னும் சத்தமாகக் கூப்பிடுவேன். தமிழும் மலாயும் நன்றாகப் பேசுவேன், ஹொக்கியன் சீனமும் கொஞ்சம் தெரியும். அதனால் வார்ஃபரின் கிளினிக் ஆரம்பித்தபோது என்னை அங்கே போட்டார்கள்.

வார்ஃபரின் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை. இதயத்தில் உலோக வால்வு வைத்தவர்கள் அதை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். எங்களிடம் மூன்று நிறத்தில் இருந்தது. பழுப்பு ஒரு மில்லிகிராம், நீலம் மூன்று, ரோஸ் ஐந்து. நோயாளி வந்ததும் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் வைப்போம். ஒரு எண் வரும். உலோக வால்வு வைத்த எங்கள் நோயாளிகள் பலருக்கு அந்த எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் வால்வில் ரத்தம் கட்டிக்கொண்டு பக்கவாதம் வரலாம். மேலே ஏறினால் பல் தேய்க்கும்போதும் ரத்தம் வரும், மூளைக்குள்ளும் வரும். எண்ணைப் பார்த்துத்தான் அடுத்த வாரங்களுக்கு எத்தனை நீலம், எத்தனை பழுப்பு என்று ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதிக் கொடுப்போம். நோயாளிகள் அந்தப் புத்தகத்தைக் கைப்பையிலேயே வைத்திருப்பார்கள்.

அந்த கிளினிக்கை நடத்தியவர் மிஸ் கோ. மருந்தாளர். ஒல்லியானவர், குரலே எழும்பாது. ஒவ்வொரு நோயாளியும் வீட்டில் இருப்பதையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்பது அவர் சட்டம். மாத்திரை, தைலம், பொட்டலம், பாட்டில், எல்லாம். பையை அவரே மேசையில் கொட்டுவார். வெள்ளைத் தட்டு ஒன்றில் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைப்பார். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள் கேட்பார். இதன் பெயர் என்ன, எங்கே வாங்கினீர்கள், யாருக்காக வாங்கியது, எப்படிக் காய்ச்சுகிறீர்கள்.

மூன்றாவது கேள்வி எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு தெரிந்தது. சீன மருத்துவர் ஒருவருடைய நாடியையும் நாக்கையும் பார்த்து அவருக்கென்று எழுதிய பொட்டலத்தை அந்த நோயாளி தன் மைத்துனருக்குக் கொடுப்பார். மைத்துனர் மாமியாருக்குக் கொடுப்பார். நான்காவது கேள்வி அதைவிட முக்கியம். சில வேர்கள் சரியாக வேகாவிட்டால் விஷம். பதிவு பெற்ற மருத்துவர் சொன்ன நேரத்தில் ஒரு நிமிஷம்கூடக் குறைக்கக் கூடாது. காஸ் மிச்சம் பிடிக்கிறேன் என்று பாதியில் இறக்குகிறவர்கள் இருந்தார்கள்.

மிஸ் கோவின் அப்பா சீன மருந்துக் கடை வைத்திருந்தவர். அதனால் மூலிகை என்றதும் அவர் முகம் சுளிக்க மாட்டார், தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் மாட்டார். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீன மருந்துக் கடைக்குக் கூட்டிப் போனார். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். கடைக்காரரிடம் கேட்டு ஒன்றைத் திறந்து, மெல்லிய சீவலாக வெட்டிய வெளிர் பழுப்பு வேர் ஒன்றை என் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"தாங் குய். இந்த வாசனையை மறக்காதே. நல்ல வேர்தான். பிரசவம் ஆனவங்களுக்கு, மாதவிலக்குப் பிரச்சினைக்கு எங்க ஆளுங்க காலம்காலமா போடுறாங்க. ஆனா வார்ஃபரினோட சேர்ந்தா அந்த மாத்திரை பல மடங்கு வேலை செய்யும்."

ஓமத்தையும் கருப்பட்டியையும் ஒரே டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டுத் திறந்தது போல ஒரு வாசனை. அன்று எனக்கு அது வெறும் பாடம்.

என் முறை வேறு. நான் கேட்க மாட்டேன், திட்டுவேன். ஒரு நாள் டாக்சி ஓட்டுகிற ஒருவர் வந்தார். முழங்கால் வலிக்கு யாரோ கொடுத்த கறுப்பு உருண்டைகளை மூன்று மாதமாக விழுங்கியிருக்கிறார். டப்பாவில் பெயர் இல்லை, முகவரி இல்லை. எல்லாம் இயற்கை என்று மட்டும் சொன்னார்களாம். ஆளுடைய முகம் பௌர்ணமி நிலா மாதிரி உப்பியிருந்தது. உள்ளே ஸ்டெராய்டு கலந்திருக்கும் என்று பார்த்ததுமே மிஸ் கோவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் டாக்டரைக் கூப்பிடப் போன இடைவெளியில் நான் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, உங்களுக்கு மூளை இருக்கா? பேரில்லாத டப்பா! நாய்கூட மோந்து பார்த்துட்டுத்தான் திங்கும்!" என்று ஆரம்பித்து, வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் கேட்டுக்குங்க! சீன மருந்து, நாட்டு மருந்து, எந்தக் குப்பையையாவது குடிச்சிட்டு என்கிட்ட வராதீங்க!" என்று முடித்தேன்.

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது. மிஸ் கோ எல்லாரும் போகும்வரை காத்திருந்தார். மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இன்னைக்கு ஒருத்தரைத் திருத்தினே, ஜமீலா. முப்பது பேருக்குப் பொய் சொல்லக் கத்துக்கொடுத்தே."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அன்று வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவர்களில் ஒருவர் பிலோமினா அக்கா. அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடக் கேண்டீனில் மீ சியாம் என்கிற புளிப்பு நூடுல்ஸ் விற்றவர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. தெம்பனிஸில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், மற்ற நாளெல்லாம் வீடு. உலோக வால்வு வைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்களிடம் வந்ததிலேயே ஒழுங்கான நோயாளி. எண் எப்போதும் மூன்றை ஒட்டியே நிற்கும்.

அவரோடு எப்போதும் ஒரு சீன அம்மாள் வருவார். எதிர் வீட்டுக்காரர், மேடம் லிம். வீட்டில் உட்கார்ந்து திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவர். இருபது வருஷமாக எதிரெதிர் கதவு. பிலோமினா அக்கா அவரைத் தாச்சி என்று கூப்பிடுவார், பெரியக்கா என்று அர்த்தம். அந்த அம்மாளுக்குப் பிலோமினா என்று சொல்ல வராது, மீனா என்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்குச் சீனம் தெரியாது. இருவரும் பேசியது பழைய பசார் மலாய், கடைத்தெருவில் பேசுகிற மலாய். பிலோமினா அக்கா உள்ளே விரலைக் குத்திக்கொள்ளும்போது மேடம் லிம் வெளியே அவருடைய கைப்பையை மடியில் வைத்துக் காவல் காப்பார்.

நான் கத்திய அந்த நாளுக்குச் சில வாரம் கழித்து, பிலோமினா அக்காவின் எண் நான்கு தாண்டியது. மாத்திரையைக் குறைத்தோம். அடுத்த முறை இன்னும் ஏறியிருந்தது. மறுபடி குறைத்தோம். முழங்கையில் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது என்றார்.

"வேற மருந்து எதாவது சாப்பிடுறீங்களாக்கா?"

"இல்ல மிஸ்ஸி." ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் அவர்களுக்கு மிஸ்ஸிதான்.

"ஆன்டிபயாடிக்? காய்ச்சல் மாத்திரை?"

"இல்ல."

"நாட்டு மருந்து?"

"ஐயோ, இல்ல மிஸ்ஸி. நீங்கதான் அன்னைக்குச் சொன்னீங்களே."

மிஸ் கோ ஆங்கிலத்தில் கேட்டார், மலாயில் கேட்டார். மருந்து, மெடிசின், ஊபாட். மூன்று மொழியிலும் 'இல்லை' என்றுதான் பதில் வந்தது. பையைக் கொட்டினால் எங்கள் மாத்திரை மட்டும் இருந்தது.

இப்படியே ஐந்து மாதம் போயிற்று. பிறகு எண் தலைகீழாகத் திரும்பியது. திடீரென்று இறங்கி ஒன்றரைக்கும் கீழே வந்தது. அது இன்னும் ஆபத்து. எந்த நேரமும் வால்வில் ரத்தம் கட்டலாம். ரத்தம் கட்டாமல் இருக்க வயிற்றில் ஊசி போட ஆரம்பித்தோம், மாத்திரையை மளமளவென்று கூட்டினோம். நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்தப் பொம்பளை மாத்திரையைச் சாப்பிடாமல் நம்மை ஏமாற்றுகிறாள்.

"அக்கா, சாகணும்னு இருந்தா நேரா சொல்லுங்க. நாங்க எதுக்கு மெனக்கெடணும்?" என்றேன்.

அவர் புத்தகத்தை மூடிக் கைப்பையில் வைத்தார். அன்று கைப்பையைக் காவல் காக்க வெளியே யாரும் இல்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் யோசிக்கவில்லை.

யோசித்தவர் மிஸ் கோ. புத்தகத்தில் உள்ள எண்களை ஒரு கட்டம் போட்ட தாளில் புள்ளிகளாக வைத்து, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தார். ஐந்து மாதம் மேலே, பிறகு ஒரே சரிவு.

"நாம இத்தனை நாளும் என்ன புதுசா ஆரம்பிச்சதுன்னு கேட்டுக்கிட்டிருந்தோம். இப்ப எது நின்னுபோச்சுன்னு கேக்கணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "என்கிட்ட அவங்களுக்குப் பயம் இல்ல, ஆனா பேச மாட்டாங்க. உன்கிட்ட பயம். பயம் போனா உன்கிட்டதான் பேசுவாங்க. யூனிஃபார்ம் போடாமப் போ."

இது உத்தரவு இல்லை. போகாமல் இருந்திருக்கலாம். லீவு நாளில் பேருந்து பிடித்துத் தெம்பனிஸுக்குப் போனேன். மாத்திரையைக் கூட்டி மூன்று நாள் ஆகியிருந்தது.

கதவைத் திறந்ததும் பிலோமினா அக்கா பயந்துதான் போனார். ஆனாலும் வந்தவளுக்குத் தேநீர் போடாமல் இருக்க அவரால் முடியாது. சமையலறை மேசையில் உட்கார வைத்தார். மாதா படத்துக்குக் கீழே மாத்திரைகள் கிழமை வாரியாகப் பிரித்து வைத்திருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. நான் இவரைத்தான் ஏமாற்றுக்காரி என்று நினைத்தேன்.

"அக்கா, உங்ககூட வருவாங்களே, மேடம் லிம், எங்க ஆளையே காணோம்?"

"பெர்த்துல மக வீட்டுக்குப் போயிருந்துச்சு மிஸ்ஸி. ஆறு வாரம். நேத்துத்தான் வந்துச்சு." சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. "வந்ததும் வராததுமா மார்க்கெட்டுக்கு ஓடிருச்சு."

ஆறு வாரம். எண் சரிந்ததும் அப்போதுதான். நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் இரும்புக் கிராதி திறந்தது. மேடம் லிம் கதவைத் தட்டவில்லை, நேராக உள்ளே வந்தார். கையில் மூடி போட்ட எனாமல் பானை.

"மீனா! மாரி மாக்கான், வந்து சாப்பிடு! ஆறு வாரத்துல எப்படி வெளுத்துப் போயிட்டே பாரு!"

மூடியைத் திறந்தார். ஓமம், கருப்பட்டி.

நான் அசையும் முன் கிண்ணத்தில் ஊற்றியாயிற்று. பிலோமினா அக்கா என்னையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கினார். கூட்டிய மாத்திரையும் அந்த வேரும் ஒரே உடம்பில் சேரப் போகிறது. எனக்குத் தொண்டை வரை கத்தல் வந்தது. மிஸ் கோ சொன்ன முப்பது பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். வாயை மூடிக்கொண்டு, என் உள்ளங்கையால் கிண்ணத்தின் வாயை மூடினேன். ஆவி சுட்டது. கையை எடுக்கவில்லை.

"தாச்சி, இது என்ன ஊபாட்?" என்று மலாயில் கேட்டேன்.

"புக்கான் ஊபாட் லா! சூப் சாஜா." மருந்து இல்லை, சூப்புதான். மேடம் லிம் சிரித்தார். விரல் மடக்கிச் சொன்னார். கறுப்புக் கோழி, சிவப்புப் பேரீச்சை, கெய் சி என்கிற குட்டிச் சிவப்புப் பழம், தாங் குய். வாரத்தில் மூன்று நாள். "ஆப்பரேஷன்ல இவளுக்கு ரத்தம் எவ்வளவு போச்சு! இன்னும் தேறவே இல்ல. மார்க்கெட்டுல எனக்குத் தெரிஞ்சவ சொன்னா, தாங் குய் போட்டா ரத்தம் ஊறும்னு. ஏழு மாசமா தேடித் தேடி நல்ல வேரா வாங்குறேன். மட்டமானது வாங்கமாட்டேன்."

பிலோமினா அக்கா தமிழுக்கு மாறினார். மெதுவாக, தலையைக் குனிந்துகொண்டு.

"அதுகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க மிஸ்ஸி."

"உங்களுக்குத் தெரியுமாக்கா, இதுதான் காரணம்னு?"

"சந்தேகம் இருந்துச்சு. நீங்க அன்னைக்கு அந்த டாக்சிக்காரரைப் பேசின பேச்சுல, இதைச் சொன்னா தாச்சியையும் அப்படிப் பேசுவீங்கன்னு பயந்தேன். கைப்பையை வச்சுக்கிட்டு வெளியதானே உட்கார்ந்திருந்துச்சு. அதோட, இது மருந்து இல்லையே மிஸ்ஸி. நீங்க மருந்துதானே கேட்டீங்க? மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரம் தள்ளித்தான் குடிச்சேன்."

அந்த இரண்டு மணி நேரம்! எங்கள் ஊரில் எல்லாரும் நம்புகிற விஷயம். தள்ளிக் குடித்தால் சில மருந்துகளுக்குப் பரவாயில்லை. வார்ஃபரின் நாள்கணக்கில் ரத்தத்தில் இருக்கிறது. இரண்டு மணி நேரமாவது, பத்து மணி நேரமாவது, அதற்கு என்ன வித்தியாசம்?

"ஏன்க்கா குடிச்சீங்க? சந்தேகம் வந்தும்?"

"ஆப்பரேஷன் முடிஞ்சு வந்தப்ப ரெண்டு மாசம் என்னைக் குளிப்பாட்டி விட்டது யாரு? அது நீட்டுறதை வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

மேடம் லிம்முக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கிண்ணத்தின் மேல் இருந்த என் கையைப் பார்த்துவிட்டார். "மீனா, கெனாபா?" என்றார். என்ன ஆயிற்று என்று.

நான்தான் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் பேசியதில்லை. தாச்சி, இவங்க நெஞ்சுல இரும்பு இருக்கு. இரும்புல ரத்தம் ஒட்டாம இருக்க நாங்க மாத்திரை கொடுக்குறோம். உங்க வேர் நல்ல வேர். ஆனா எங்க மாத்திரையோட கையைக் கோத்துக்கிச்சுன்னா ரத்தம் நிக்காது. கெய் சியும் அப்படித்தான். அந்தக் கன்றிப்போன முழங்கை, ஈறுல ரத்தம், எல்லாம் அதனாலதான். இன்னைக்கு மாத்திரை அதிகமா இருக்கு, அதனால இன்னைக்கு இன்னும் ஆபத்து.

மேடம் லிம் பிலோமினா அக்காவின் கையைப் பிடித்து முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஆறு வாரத்தில் கன்றல் மறைந்து சுத்தமாக இருந்தது. அதுதான் அவருக்குப் பதில். பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவுதொட்டியில் கவிழ்த்தார். கோழி, வேர், பழம், எல்லாம். பானையைத் தேய்த்துக் கழுவினார். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் எதிர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

எண் சரியாயிற்று. இரண்டு நாளில் வரச் சொல்லிப் பார்த்தோம், பிறகு வாராவாரம் பார்த்தோம். மூன்றுக்குத் திரும்பி நின்றது. நான் வெற்றி என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் பிலோமினா அக்கா தனியாக வந்து உட்கார்ந்தார். கைப்பை அவர் மடியிலேயே இருந்தது.

"தாச்சி கதவே திறக்கிறதில்ல மிஸ்ஸி. கூப்பிட்டா உள்ளேர்ந்து, நான் கொலைகாரி, என்கிட்ட வராதேன்னு சொல்லுது." விரலை நீட்டினார். "குத்துங்க. ரத்தம் உங்களுக்குச் சரியா இருக்கும். எனக்குத்தான் சோறு இறங்கலை."

நான் குத்தினேன். எண் நன்றாகத்தான் இருந்தது. அதை எழுதும்போது எனக்கு அசிங்கமாக இருந்தது.

மிஸ் கோ அன்றே மேடம் லிம்முக்குப் போன் போட்டார். சீனத்தில் பேசினார், எனக்குப் பாதிதான் புரிந்தது. சமாதானம் சொல்லவில்லை, மன்னிப்பு என்ற பேச்சே எடுக்கவில்லை. ஒரு வேலை இருக்கிறது, வீட்டில் உள்ள எல்லாப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார். மேடம் லிம் வந்தார். தண்டனை வாங்க வந்தவர் போல நின்றார். மிஸ் கோ பையைத் தட்டில் கொட்டினார். வழக்கம் போல ஒவ்வொன்றாக வரிசையாக வைத்தார். நான்கு கேள்விகளையும் கேட்டார். பிறகு இரண்டு குவியலாகப் பிரித்தார். தாங் குய், கெய் சி, ஜின்செங், அதிமதுரம், இன்னும் ஒரு வேர் ஒரு பக்கம். இவை மீனாவுக்கு வேண்டாம், நீங்கள் குடிக்கலாம், ஆனால் உங்கள் ரத்த அழுத்த மாத்திரைக்காக அதிமதுரத்தை மட்டும் விடுங்கள் என்றார். மறு பக்கத்தில் சூப்புக்கான மற்ற சாமான்கள்.

பிறகு பிலோமினா அக்காவிடம் முன்பே வாங்கி வைத்திருந்த சின்னப் புத்தகத்தை எடுத்து மேடம் லிம்மின் கையில் கொடுத்தார்.

"வார்ஃபரின் சாப்பிடுறவங்க வாராவாரம் ஒரே மாதிரி சாப்பிடணும். ஒரு வாரம் கீரை நிறைய, அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லைன்னா எண் குதிக்கும். மீனா தனியா இருக்காங்க, ஒரு நாள் சமைப்பாங்க, ஒரு நாள் பிஸ்கட் தின்பாங்க. ஒரே அளவா சமைக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் எனக்கு வேணும். உங்களால முடியுமா?"

மேடம் லிம் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினார்.

அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் எங்கள் கிளினிக்கில் வேறு யாரிடமும் இல்லாத மாதிரி ஆயிற்று. எங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் சீன எழுத்தில் அந்த வாரத்துச் சூப்பு இருக்கும். மக்காச்சோளம், காரட், மீன், சிவப்புப் பேரீச்சை ஆறு. எப்போதும் ஆறுதான். புதிதாக ஏதாவது போட நினைத்தால் போடுவதற்கு முன் போன் வரும். நான் எடுத்தால், "சிலி பாடியா? மிஸ் கோவைக் கூப்பிடு" என்பார். என்னை மன்னிக்க அவருக்கு ஒரு வருஷம் ஆயிற்று. மன்னித்த அன்று எனக்கும் ஒரு டப்பா வந்தது. நான் முஸ்லிம், உங்க பானைச் சூப்பு குடிக்கமாட்டேன் என்றேன். தெரியும், ஆரஞ்சுதான் இருக்கு, திறந்து பாரு என்றார்.

சங்கீதா, அன்றைக்குப் பிறகு நான் மருந்து சாப்பிடுகிறீர்களா என்று யாரையும் கேட்டதில்லை. உங்களுக்காக யாராவது எதையாவது காய்ச்சித் தருகிறார்களா, என்ன போட்டு என்று கேட்பேன். முகம் மாறும். பக்கத்து வீட்டுக்காரி, மருமகள், கூட வேலை செய்கிறவர் என்று பேர் வரும். பேர் வந்த பிறகு சாமான் தானாக வரும். திட்டக் கூடாது. திட்டினால் அந்தப் பேர் மறைந்துவிடும், அதோடு வேரும் மறைந்துவிடும். உடனே நிறுத்து என்று சொல்லிவிட்டு விட்டுவிடவும் கூடாது. திடீரென்று நிறுத்தினாலும் எண் குதிக்கும், அதனால் மறுபடி வரச் சொல்லிப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் இது ஒன்றுதான் உருப்படியாகக் கற்றுக்கொண்டேன் என்றாலும் பரவாயில்லை.

நீ இந்தக் கேள்வி திரையில் இடம் கொள்ளாது என்பாய். 'தாங்கள்' 'ஏதேனும்' 'உட்கொள்கிறீர்களா' மூன்றையும் எடுத்துப் போடு, இடம் கிடைக்கும்.

இன்னும் ஒன்று. போன வாரம் என் ரத்த அழுத்தத்தைப் பார்க்க பாலிகிளினிக் போயிருந்தேன். எனக்கு முன்னால் வரிசையில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இந்த முறை நோயாளி மேடம் லிம். எண்பதைத் தாண்டிவிட்டார், மறதி வந்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. கைப்பை பிலோமினா அக்காவின் மடியில் இருந்தது. இளம் நர்ஸ் ஒருத்தி, நம் தமிழ்ப் பெண்தான், மலாயில் கேட்டாள்: வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?

"தாக் அடா" என்றார் மேடம் லிம். இல்லையாம்.

நர்ஸ் 'இல்லை'யைத் தட்டப் போனாள். பிலோமினா அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுத் தமிழில் சொன்னார்:

"இரும்மா. நான் இதுக்கு வாரம் மூணு நாள் ரசம் வச்சுக் கொடுக்குறேன். எழுதிக்கோ. மிளகு, சீரகம், பூண்டு நாலு பல், பெருங்காயம் ஒரு சிட்டிகை, மஞ்சள்..."

"ஆன்ட்டி, ரசம் மருந்து இல்ல லா. அது சாப்பாடு."

பிலோமினா அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு நர்ஸிடம் சொன்னார்:

"நாங்களும் அப்படித்தான் சொன்னோம். நீ எழுதிக்கம்மா."